மேனேஜருக்கு லீவு கிடையாது

நான் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரன். சிரிக்காதீர்கள். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். ராஜா உண்டு, திவான் உண்டு, எங்களுக்கென்று அம்மன் காசு உண்டு. காலையில் சைக்கிளில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாட்டின் எல்லையைத் தொட்டுவிடலாம். அந்த நாட்டின் கால்பந்து டீமில் நான் சென்டர் பார்வர்டு. திருச்சியிலிருந்து எதிர் டீம் வந்தால், அன்னிய தேசத்துப் படை வந்ததுபோல ஊரே பேசிக்கொள்ளும்.

யுத்த காலத்தில் பம்பாய் வந்து கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவானேன். குடியிருப்பு மாட்டுங்காவில், நாலு பேரோடு ஓர் அறை. கிங்ஸ் சர்க்கிளில் காபி குடிக்கும்போது என் பழைய பெருமையை வாய் தவறி உளறிவிட்டேன். பக்கத்து மேஜையில் எங்கள் தமிழர் சங்கத்தின் காரியதரிசி உட்கார்ந்திருந்தார். பாலக்காட்டுக்காரர், இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க். சங்கம் அப்போதுதான் தொடங்கியிருந்த டீமில் அவர் அன்றைக்கே என்னை இரண்டாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் "இவர் பாரின் பிளேயர்" என்றுதான் அறிமுகம். நானும் மறுக்கவில்லை. மறுக்க எனக்கென்ன பைத்தியமா?

சங்கத்தில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் ஆபீஸ்காரர்கள். அதனால் டீமும் ஆபீஸ் மாதிரியே நடந்தது. புதிதாகச் சேர்ந்தவன் ஆறு மாதம் புரொபேஷன். யார் முதலில் சேர்ந்தாரோ அவர் சீனியர். முதல் பதினோரு சீனியர்கள் ஆடுவார்கள். ஒருவரால் ஓட முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, தொப்பை முன்னால் போகிறது என்பதெல்லாம் ரூலில் வராது. ஆட முடியாதவர் முதல் நாளே லீவு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். அப்போதுதான் பன்னிரண்டாவது ஆள் உள்ளே வரலாம். காஷுவல் லீவா, சிக் லீவா என்றுகூட ஒரு கட்டம் இருந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் நான் அறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் வலது முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. கமிட்டி கூடி என்னை மேனேஜராக்கியது. மேனேஜர் என்றால் பந்துக்குக் காற்றடிக்க வேண்டும், எலுமிச்சம்பழம் நறுக்க வேண்டும், காரியதரிசி எழுதித் தரும் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். பம்பாயில் மழைக்காலம்தான் கால்பந்துக் காலம் என்பதால் குடைகளுக்கும் நானே பொறுப்பு. ஆனால் ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்தவன் தாராவிக்காரன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தவன். ராத்திரியில் செருப்புத் தைப்பான். வெறுங்காலோடுதான் ஆடுவான். சேற்றில் நாங்களெல்லாம் பூட்ஸோடு சறுக்கி விழும்போது அவன் ரயில்வே பிளாட்பாரத்தில் நடப்பதுபோலப் போவான். அவன் பந்தை உதைத்தால் கோல்கீப்பர் ஒதுங்கிக்கொள்வார். சங்கத்தில் டீ வந்தால் அவனுக்கு மட்டும் தனிக் கிளாஸ் ஜன்னல் மேல் இருக்கும். அதற்கும் ரூல் இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷக் கோப்பைப் போட்டியில் தெய்வச் செயலாக இரண்டு டீம்கள் வராததால் நாங்கள் பைனலுக்குப் போய்விட்டோம். எதிரே பரேல் மில் டீம். அப்போதுதான் சேதி வந்தது. ஒரு கப்பல் கம்பெனியின் துரை ஆட்டம் பார்க்க வருகிறார். அவர்கள் டீமுக்கு ஒரு சென்டர் பார்வர்டு வேண்டும். பிடித்துப்போனால் நிரந்தர வேலை, தங்க ஒரு கோலி, அதாவது பம்பாய் ஒற்றை அறை.

தாராவிக்காரன் என் அறைக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, அந்தத் தொரை கண்ணு முன்னால அரை மணி நேரம் ஆடுனாப் போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றான். பிறகு பாதத்தைத் தூக்கிக் காட்டினான். விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. "சுண்ணாம்பு காலத் திங்குது அண்ணாச்சி. இந்தக் காலு இன்னும் ஒரு மழதான் தாங்கும். அதுக்குள்ள பக்கா நௌக்ரி, நெரந்தர வேல ஒண்ணு கெடச்சா நானும் எம் பொஞ்சாதியும் பொழச்சுக்கிடுவோம்."

எனக்கு நெஞ்சு கொதித்தது. நேராகக் காரியதரிசி வீட்டுக்குப் போனேன்.

"அவன் நன்னா ஆடறான், யார் இல்லேங்கறா?" என்றார் அவர். "ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே ஓய். யாராவது லீவு போடட்டும், அவன் தாராளமா வரலாம். நானா தடுக்கறேன்?"

சரி, லீவு வாங்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டதும் குடையைப் பிடித்துக்கொண்டு மாட்டுங்காவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். லெப்ட் பேக்கின் மாமனார் ஆட்டம் பார்ப்பதற்கென்றே பாலக்காட்டிலிருந்து ரயிலேறிவிட்டாராம். ரைட் ஹாப் புது நிஜார் தைத்துவிட்டார். ஒருவர் ஜோசியரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஜோசியர் ஆடச் சொல்லிவிட்டார். வெளியே வந்து ஒவ்வொருவரையும் வாய்விட்டுத் திட்டினேன். இவர்களுக்கு ஈவு இரக்கம் கிடையாதா? ஒருவன் வாழ்க்கை அந்தரத்தில் நிற்கிறது, இவர்களுக்கு நிஜார் பெரிதாகிவிட்டதா? அப்போது என்னைப்போல ஒரு தர்மவான் பம்பாயிலேயே கிடையாது என்று நிஜமாகவே நினைத்தேன்.

கடைசியாகப் போனது கோல்கீப்பர் வீடு. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, காபி கொண்டுவந்த அவர் சம்சாரம் கேட்டார்: "ஏன் மாமா, பத்துப் பேர் ஆத்துக்கும் போனேள். நீங்க லீவு போட்டா அவன் வரப்படாதோ?"

கோல்கீப்பர் என் முட்டியைப் பார்த்தார்.

"நான் மேனேஜர் அம்மா. மேனேஜருக்கு லீவு கிடையாது" என்றேன்.

அப்படியொரு ரூல் எந்தக் காகிதத்திலும் இல்லை. எனக்கு ஆட வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். பைனல், துரை, சங்கத் தலைவர் கையால் மாலை. புதுக்கோட்டைச் சிங்கம் இன்னும் கிழடாகவில்லை என்று மாட்டுங்கா பார்க்க வேண்டும். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கே பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். சென்டர் பார்வர்டு, நான்.

ஆட்டத்தன்று காலையில் அவன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். பிரித்தால் புது பூட்ஸ். அடியில் தோல் குமிழ்களைச் சீராக வைத்து ஆணி அடித்திருந்தான்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. நீங்க ஆடுங்க. ஒங்க பழைய பூட்ஸு வழுக்கும். அதான் கெடந்த துண்டுத் தோல வச்சுத் தச்சேன்" என்றான். கோபம் காட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது தப்பித்திருப்பேன். அவன் குனிந்து என் கால் அளவு சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். துரை குடைக்குள் உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்கு முன்பே மில்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் சறுக்கினார்கள், விழுந்தார்கள். நான் விழவில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் பந்து எதிரி கோலுக்கு முன்னால் வந்து நின்றது. அவர்கள் கோல்கீப்பர் எங்கோ சேற்றில் புரண்டுகொண்டிருந்தார். பிடிமானம் இருந்தது, வழி இருந்தது, எல்லாம் இருந்தது. பஸ் கிளம்பிய பிறகு ஸ்டாப்புக்கு வருகிறவன் மாதிரி நான் போய்ச் சேர்ந்தேன். பந்தை யாரோ அடித்து வெளியே தள்ளிவிட்டார்கள்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் அவன் எலுமிச்சம்பழத் தட்டோடு நின்றிருந்தான். பந்து நின்ற அந்த நேரத்தில் அவன் வெறுங்கால் தானாக முன்னால் எழும்பியதை நான் பார்த்தேன்.

துரை மில் டீமின் சென்டர் பார்வர்டைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் கமிட்டி, தோல்விக்கு மழையே காரணம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. மேனேஜரின் தியாக உணர்வுக்கு நன்றி என்று இன்னொரு தீர்மானம். நான் எழுந்து கும்பிட்டேன். தூ!

அன்று ஆட்டம் முடிந்ததும் அவன் பூட்ஸை வாங்கிக் குழாயடியில் கழுவினான்.

"குமிழு புடிச்சுதா அண்ணாச்சி? வழுக்கலயே?"

வழுக்கியது என்று சொன்னால் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். "புடிச்சுதுப்பா. ஒரு தடவகூட வழுக்கல" என்றேன்.

"அப்பம் சரி. அடுத்த மழைக்கும் தாங்கும்" என்று ஈரத்தைத் துடைத்துக் கொடுத்தான்.

பூட்ஸ் தாங்கியது. மறு மழைக்காலத்தில் முதல் ஆட்டத்துக்கு முன்பே லீவு விண்ணப்பத்தைக் காரியதரிசியிடம் கொடுத்தேன். சீசன் முழுவதற்கும் லீவு. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவனிடம் சொல்லத் தாராவிக்கு ஓடினேன்.

கோலிக்குள் அவன் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு பாதத்திலும் கணுக்கால் வரை துணி சுற்றியிருந்தது. அதில் மஞ்சள் ஊறியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "லீவு போட்டுட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரித்தான்.