லிண்டன் பாஸ்கோவின் மூன்று மணி நேரம்

தென் ஆஸ்திரேலியாவின் சிற்றூரான வாலரூவில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவருக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை வேலையே கிடையாது. பண்ணைவீட்டுப் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டால், மறுபடி ஏற்றும்வரை வண்டிக்கும் ஓய்வு, ஓட்டுபவருக்கும் ஓய்வு. லிண்டன் பாஸ்கோ அந்த ஓய்வில் பாதியை எங்கள் ஜிம்மில் கழித்தார். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். நான் அங்கே வரவேற்பு மேசையில் பதினோரு வருடம் இருந்தேன். அவர் அளவுக்கு நேரம் செலவழித்த ஆளைப் பார்த்ததில்லை.

வயது ஐம்பத்தெட்டு. அகலமான தோள், அதைவிடச் சற்று அகலமான வயிறு. வந்ததும் பெஞ்சின் மேல் துண்டை விரித்து இடம் பிடித்துவிடுவார். மல்லாந்து படுத்து, அறுபது கிலோக் கம்பியைப் பத்து முறை தூக்கி இறக்குவார்; அது ஒரு செட். பிறகு எழுந்து, வராத வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேசப் புறப்படுவார். சனிக்கிழமை ஃபுட்டி என்ற உள்ளூர்க் கால்பந்து ஆட்டத்தில் நடுவர் செய்த அநியாயம், மழை ஏமாற்றிய கோதுமை, இவையெல்லாம் உண்டு. ஆனால் அவர் உயிரைக் கொடுத்துப் பேசியது பேஸ்டி என்ற, இறைச்சி அடைத்துச் சுட்ட பேக்கரிப் பண்டத்தைப் பற்றித்தான். பேஸ்டிக்குள் கேரட் போடுபவர்கள் மனிதர்களே இல்லை என்பது அவர் கட்சி. அதற்கு எதிர்க்கட்சிக்காரர் யாராவது மிதிவண்டி இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

"உடம்புன்னா சும்மாவா?" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். "மூணு மணி நேரம் குடுக்கணும். அரை மணியில முடிச்சுட்டு ஓடுறவன்லாம் இரும்பைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போறான், அவ்வளவுதான்."

இப்படி இருக்கையில் ஒரு மார்ச் மாதம் மாரீன் ஹாஃப்னர் வந்து சேர்ந்தார். அறுபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் போட்டிகளில் முப்பது வருடம் நேரம் குறித்தவர். அந்தப் பழைய ஸ்டாப்வாட்ச் இன்னும் கழுத்தில் தொங்கியது. வருவார், நாற்பத்தைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் முடிப்பார், போவார். அவருக்கு ஒரே தொல்லை, லிண்டனின் துண்டு.

"இந்த பெஞ்சுல இன்னும் எத்தனை செட் இருக்கு?" என்று கேட்பார்.

"ரெண்டே ரெண்டு!" என்பார் லிண்டன், அறையின் அந்தக் கோடியிலிருந்து.

அந்த இரண்டு செட் முடிய நாற்பது நிமிடம் ஆகும். மூன்று வாரம் பொறுத்தார் மாரீன். நான்காவது வாரம் தன் பயிற்சி முடிந்த பிறகும் போகாமல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லிண்டன் துண்டை மடித்தபோது எழுந்து அவர் எதிரே போய் நின்றார்.

"ஒன்பது பத்துக்கு வந்தீங்க. இப்ப மணி பன்னெண்டு பத்து. கம்பி உங்க கையில இருந்தது ஒன்பது நிமிஷம் நாப்பது செகண்டு."

"மிச்ச நேரம்?"

"மிச்சம் கேரட்."

லிண்டன் சிரிக்கப் பார்த்தார். "அட, தசைக்கு ஓய்வு வேணாமா?"

"வேணும். ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் குடுங்க. இருபது நிமிஷம் குடுத்தா, எதுக்கு வந்தோம்னே அதுக்கு மறந்துபோயிடும். சரி, போன வருஷம் எவ்வளவு தூக்குனீங்க?"

"அறுபது."

"அதுக்கு முந்தின வருஷம்?"

லிண்டன் துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். அடுத்த நாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

மனிதர் பாவம், நொந்துபோய்விட்டார் என்று எங்களுக்கெல்லாம் வருத்தம். மாரீன்கூடக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் மறு திங்கட்கிழமை வந்து நின்றது லிண்டன் இல்லை, அவர் மனைவி ஷெரில். வீட்டிலேயே கல்யாண உடுப்பு தைப்பவர். ஊசி குத்திய விரலில் பிளாஸ்திரி.

"அவரை யார் என்ன சொன்னது?"

மாரீன் கையைத் தூக்கினார். "நான்தான். மன்னிச்சிடுங்க, நான் என்ன நினைச்சேன்னா..."

"அதெல்லாம் விடுங்க. தயவுபண்ணி அவரைத் திருப்பி எடுத்துக்குங்க. ஒரு வாரமா ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்துடுறாரு. தையல் மெஷின் பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பேசுறாரு. வெள்ளிக்கிழமை ஒரு பொண்ணுக்குக் கல்யாணம், அவ உடுப்புல இன்னும் ஒரு கை தைச்சு முடியலை. எனக்கு அந்த மூணு மணி நேரம் வேணும்மா!"

பிறகு மேசையோரம் நின்று நாங்கள் மூன்று பேரும் கலந்துபேசினோம். பயிற்சிக்கு நாற்பத்தைந்து நிமிடம் போதும் என்றார் மாரீன். நூற்றெண்பதில் ஒரு நிமிடம்கூடக் குறையக் கூடாது என்றார் ஷெரில். கடைசியில் சேதி இப்படிப் போனது: முதல் நாற்பத்தைந்து நிமிடம் லிண்டன் வாய் திறக்காமல் தூக்க வேண்டும், நேரம் பார்ப்பவர் மாரீன். அதற்குப் பிறகு தேநீர்க் கெட்டில் இருக்கும் மேசையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

புதன்கிழமை லிண்டன் வந்தார். முகம் இறுக்கமாக இருந்தது. ஒரு செட், இரண்டு நிமிடம், அடுத்த செட். வாயைத் திறக்கும்போதெல்லாம் மாரீன் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் லிண்டன் ரப்பர் விரிப்பில் அப்படியே மல்லாந்துவிட்டார். இந்த முறை வியர்வை நிஜம்.

"இப்ப பேசலாம்," என்றார் மாரீன்.

லிண்டன் கையை அசைத்தார். இருபது நிமிடம் அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. மிதிவண்டியில் இருந்தவர் இறங்கி வந்து, "ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை. மே மாதம் அறுபத்தைந்து, ஜூலையில் எழுபது. வயிறு பெரிதாகக் குறையவில்லை, அதைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை. கெட்டில் மேசைக்கு இரண்டு நாற்காலி போதாமல் ஆறு ஆனது. பேஸ்டியில் கேரட் போட்டால் என்ன தப்பு என்று வாதாட மாரீனே தங்க ஆரம்பித்தார். சில நாள் பதினொன்றரைவரை. அதை நான் கடிகாரத்தில் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மாரீன் அடிலெய்டில் பல் வைத்தியரிடம் போயிருந்தார். லிண்டன் கம்பியில் தட்டுகளை மாட்டி, எண்ணிப் பார்த்து, இன்னும் இரண்டு சிறியவை சேர்த்தார். எண்பது கிலோ. யாரும் கவனிக்கவில்லை, நான் மட்டும் பார்த்தேன். முகம் செங்கல் நிறத்துக்குப் போனது; கம்பி மேலே போய்க் கொக்கியில் உட்கார்ந்தது. எழுந்து என்னைப் பார்த்தார். கண் இரண்டும் விரிந்திருந்தன. வாய் திறந்தது. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி.

வாயை மூடிக்கொண்டு, தட்டுகளைக் கழற்றி, அடுத்த செட்டுக்குப் போனார். பன்னிரண்டு நிமிடமும் முழுதாகச் செய்தார். அதன் பிறகு கெட்டில் மேசைக்கு வந்து, அந்த ஒரு தூக்கை எங்களுக்கு இரண்டு மணி நேரம் சொன்னார். அன்று ஷெரில் இரண்டு உடுப்பு முடித்தாராம்.