இழுக்கும் பொத்தான்

ஜெர்மனியின் ஹம் நகரத் தொழிற்பேட்டையில், பழுதுபட்ட வாகனங்களை மீட்டுவரும் நிறுவனமொன்றின் பட்டறை மேசையில் மூன்று ரிமோட்டுகள் கிடந்தன. மீட்பு வண்டியின் வின்ச்சை, அதாவது கம்பி வடத்தைச் சுற்றியிழுத்து வாகனத்தை மேலேற்றும் பொறியை, தூர நின்று இயக்குவதற்கானவை அவை. பழக்கமில்லாத கைக்கும் தொட்டவுடன் விளங்கக்கூடிய ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தெடுத்து, காரணத்தையும் எழுதித் தரவேண்டும் என்று ஞானசுந்தரத்திடம் முதலாளி சொல்லியிருந்தார். இருபத்தாறு ஆண்டுகள் வின்ச் பிடித்தவரைவிட அந்தப் பொறுப்புக்கு உரியவர் எவருமில்லை என்பது நிறுவனத்தில் எல்லாருடைய எண்ணம். ஞானசுந்தரத்தின் எண்ணம் அதுவன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது. உணவகங்களில் கோப்பை கழுவினார்; கிடங்குகளில் சுமை ஏற்றினார்; பின்னர் கனரக வாகன உரிமம் பெற்று இந்த நிறுவனத்தில் சேர்ந்தார். பள்ளத்தில் கவிழ்ந்த வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். கொளுக்கியை எங்கே மாட்டினால் அது நோகாமல் மேலேறும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவசரப்பட்டு ஒரு வேலையும் செய்தவரல்லர்.

அவருடைய கூட்டாளி பேனாட், யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்கர். வயதில் பத்து ஆண்டு இளையவர். ஞானசுந்தரம் ரிமோட்டைப் பிடிப்பார். பேனாட் கொளுக்கியை மாட்டுவார். பதினாறு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

பழைய ரிமோட்டில் கறுப்பு ரப்பர்ப் பொத்தான்கள் இரண்டே இருந்தன. ஒன்று வடத்தை இழுக்கும். மற்றது வடத்தை இளக்கும். விரலை எடுத்தால் பொறி நின்றுவிடும். பொத்தான்களின் மேலிருந்த அம்புக்குறிகள் தேய்ந்து மறைந்து நெடுங்காலமாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசையன்று ஞானசுந்தரத்தின் மனைவி யோகம் மீட்பு வண்டியின் முகப்பில் சந்தனம் பூசி, ஒட்டுப்பொட்டு ஒன்றையும் ஒட்டிவிடுவாள். ஓராண்டு, மிஞ்சிய சிவப்புப் பொட்டை ஞானசுந்தரம் இழுக்கும் பொத்தானில் ஒட்டினார். அதைக் கண்டு பேனாட் சிரித்தார்.

"என்ன அண்ணை, வின்ச்சுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"இழுக்கிற பக்கம் மங்களமா இருக்கட்டும். உனக்கும் இனித் தடவித் தேடத் தேவையில்லை."

அது வழக்கமாகிவிட்டது. சிவப்பு என்றால் இழு. அந்த இருவருக்கும் அதில் ஐயம் எழுந்ததே இல்லை.

கடந்த நவம்பரில் மழை கொட்டிய ஒரு பிற்பகலில், சரக்கு வான் ஒன்று நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் சரிந்தது. உதவிக்கு இரண்டாவது வண்டியில் மெலனி வந்தாள். நாற்பது வயதான ஜெர்மன் பெண், ஒன்பது ஆண்டுகளாக நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்தவள். வளைவில் வாகனங்கள் வேகமாக வந்துகொண்டிருந்தமையால், எச்சரிக்கை விளக்குடன் சாலையில் நிற்க ஞானசுந்தரம் புறப்பட்டார். புறப்படும்போது ரிமோட்டைத் தம் கையாலேயே மெலனியிடம் கொடுத்தார். பொட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மெலனி வடத்தை இளக்கிக்கொண்டிருந்தாள். வின்ச்சின் உருளையில் வடம் சிக்கியது. பேனாட் கையால் அதைத் தட்டிவிட முயன்றபோது கையுறை மாட்டிக்கொண்டது. நிறுத்தும்படி அவர் அலறினார். விரலை எடுத்தால் போதும் என்பது மெலனிக்குத் தெரியாததன்று. ஆனால் பதறிய மனிதர் விரலை எடுப்பதில்லை. எதையாவது அழுத்தத்தான் செய்வர். அவள் சிவப்பை அழுத்தினாள். அவளுடைய நாட்டில் சிவப்பு என்றால் நிறுத்து.

பேனாட்டின் வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

அவரை ஆம்புலன்சில் ஏற்றும் வேளையில் ஞானசுந்தரம் ரிமோட்டைத் தரையிலிருந்து எடுத்தார். பெருவிரல் நகத்தால் பொட்டைச் சுரண்டி எறிந்தார். அதை எண்ணிச் செய்தாரா, எண்ணாமற் செய்தாரா என்பதை அவரால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம், தான் சிவப்புப் பொத்தானை அழுத்தியதாக மெலனி திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்கள் ரிமோட்டைக் காட்டினார்கள். இரண்டும் கறுப்பாகவே இருந்தன. இயக்கியவரின் கவனக்குறைவு என்று முடிவெழுதப்பட்டது. மெலனியை அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஞானசுந்தரம் ஒன்றும் பேசாமலே ஏழு மாதங்களைக் கழித்தார்.

வியாழக்கிழமை மதியம் பேனாட் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, ரிமோட் எடுத்தாச்சோ?"

"இன்னும் இல்லை. மூண்டு கிடக்கு."

"ரெண்டு விரலுக்கு ஏத்தமாதிரி ஒண்டு கிடக்கோ எண்டு பாருங்கோ."

ஞானசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாட் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, நீங்கள் பொட்டை உரிச்சதை நான் ஸ்ட்ரெச்சரிலை கிடந்து பாத்தனான்."

"ஏன்டா அப்ப நீ சொல்லேல்லை?"

"என்ரை விரல் போயிட்டுது. உங்கடை வேலையும் போனால் எனக்கு விரல் முளைக்குமே?"

ஞானசுந்தரம் கையிலிருந்த ரிமோட்டை மேசையில் வைத்தார்.

"ஒண்டுதான் அண்ணை பொறுக்கேலாமல் கிடக்கு. மெலனி ஒருக்காலும் வந்து என்னைப் பாக்கேல்லை. முகம் பாக்கப் பயப்பிடுறா போலை. நான் வாய் திறக்கமாட்டன். நீங்கள் யோசியுங்கோ."

ரிமோட்டுகளை ஞானசுந்தரம் இரண்டு நாளாகச் சோதித்திருந்தார். கையுறையுடன் பிடித்தார், ஈரக் கையுடன் பிடித்தார், கண்ணை மூடியும் பிடித்தார். மூன்றும் அவருடைய கைக்கு இசைந்தன. அதுவே குறை. தேவைப்பட்டது பயந்த கை. தொலைபேசியை வைத்துவிட்டு அவர் அலுவலகத்துக்குப் போய், ரிமோட்டுகளைச் சோதித்துப் பார்க்க மெலனியை அழைத்தார். ஜெர்மன் மொழியில்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

"என்னைக் கேட்காதே, ஞானா. என் கையின் இலட்சணம் உனக்குத் தெரியும்."

"அதனால்தான் கேட்கிறேன்."

"கேலியா?"

"இல்லை. வடத்தின் நுனியில் பழைய டயர்தான் கிடக்கிறது. பக்கத்தில் யாருமில்லை."

நெடுநேரத் தயக்கத்துக்குப் பின் அவள் வந்தாள். முதலாவது ரிமோட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. அவள் டயரை இழுத்துக்கொண்டிருக்கையில் ஞானசுந்தரம் திடீரென "நில்!" என்று கத்தினார். அவள் கை நெம்புகோலை முன்னே தள்ள, டயர் துள்ளி வந்தது. இரண்டாவதில் திரையும் எட்டுப் பொத்தான்களும் இருந்தன. அவள் தேடி முடிப்பதற்குள் டயர் வண்டியை முட்டிவிட்டது. மூன்றாவது, கைப்பிடியுள்ள எளிய கருவி. மேலே வண்டியும் வடமும் படமாக வரையப்பட்டிருந்தன. கைப்பிடியை மெல்ல அழுத்தினால் இயங்கும், விட்டால் நிற்கும், இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். அவர் கத்தினார். அவளுடைய பிடி இறுகியது. வின்ச் நின்றது.

மெலனி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இறுக்கிப் பிடித்தேன். நின்றுவிட்டது."

"ஆம்."

"அன்றைக்கு இது இருந்திருந்தால்..." அவள் ரிமோட்டை மேசையில் வைத்தாள். "நான் இப்போது கார் ஓட்டுவதில்லை, தெரியுமா? ரயிலில்தான் வருகிறேன். அதிர்ச்சியில் மூளை தானாகவே நிறம் பூசிக்கொள்ளும் என்கிறார் டாக்டர். இல்லாத சிவப்பைப் பார்த்த கண்ணை நம்பி எப்படி ஓட்டுவது?"

சிவப்பு என்று அவள் விசாரணையில் சொன்னதை ஞானசுந்தரம் அறிவார். அந்தச் சொல் அவளை எவ்வளவு தூரம் அரித்துவிட்டது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. கூட்டாளியின் விரல்களைப் பறித்தது தாம் என்று மட்டுமே அவர் இதுவரை வருந்தியிருந்தார். அவளிடமிருந்தும் ஒன்றைப் பறித்திருக்கிறார்; அது நாள்தோறும் பறிபோய்க்கொண்டே இருக்கிறது.

"சிவப்பு இருந்தது, மெலனி."

அவள் நிமிர்ந்தாள்.

"எங்கள் பெண்கள் நெற்றியில் ஒட்டுவது. இழுக்கும் பொத்தானில் ஒட்டியவன் நான். அன்றைக்கு உரித்து எறிந்தவனும் நான்."

அவள் ஏசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் என்றும் எண்ணியிருந்தார். அவள் ஏசவில்லை.

"எவ்வளவு பெரியது?"

அவர் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

"அந்த அளவுதான் என்று நானும் சொன்னேன்" என்றாள் மெலனி. "வட்டமானது என்றும் சொன்னேன். மூன்று பேர் குறித்துக்கொண்டார்கள். நீ அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்."

அவள் அலுவலகத்துக்குப் போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"எழுது."

அவர் எழுதினார். நாள், நேரம், இடம், ஒட்டியது, சொல்லாமல் விட்டது, உரித்தது, வாய்மூடி இருந்தது எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் கையொப்பமிட்டார். மூன்றாவது ரிமோட்டையே வாங்க வேண்டும் என்று இன்னொரு தாளில் எழுதி, காரணத்தையும் குறித்தார். இரண்டையும் அவரே முதலாளியின் அறைக்குக் கொண்டுபோனார். முதலாளி படித்து முடித்ததும் வண்டிச் சாவியைக் கேட்டார். வழக்கறிஞரிடம் கலந்து பேசும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். ஞானசுந்தரம் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

முற்றத்தில் மெலனி மேலங்கியை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"பேனாட்டின் வீட்டு முகவரி என்ன?"

அவர் சொன்னார். அவள் அதைத் தொலைபேசியில் குறித்துக்கொண்டாள்.

"பஸ்ஸில் இரண்டாவது தரிப்பிடம்" என்றார் அவர். "நான் வேண்டுமானால்..."

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் தனியே நடந்தாள்.