தயவுசெய்து அமுக்காதீர்கள்

கடை திறந்தவர்கள் சொந்தக்காரர்கள் வரவேண்டும் என்று சாமியைக் கும்பிடுவார்கள். விளம்பரக் கிளிக்குக்குக் காசு வாங்கும் நம்மைப் போன்றவர்கள் மட்டும் சொந்தக்காரர்கள் வந்துவிடக் கூடாதே என்று கும்பிடுகிறோம்.

என் இணையத்தளம் சின்னது. மலாய் மொழியில் வரும் அரசாங்கக் கடிதங்களையும் விண்ணப்பப் பாரங்களையும் எளிய தமிழில் விளக்குகிறேன். பக்கத்தின் ஓரத்தில் விளம்பர நிறுவனம் விளம்பரம் போடும். படிக்க வந்தவர் உண்மையான ஆர்வத்தில் அதைத் தொட்டால் எனக்குச் சில சென் காசு சேரும். நானே தொடக் கூடாது. தொடச் சொல்லி யாரையும் கேட்கவும் கூடாது. மீறினால் கணக்கை மூடிவிடுவார்கள். பிறகு என் பெயரில் திறக்கவே முடியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். மலாக்கா டவுனில் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்து ஓய்ந்த பிறகு எனக்கு அமைந்த ஒரே வேலை இதுதான். இத்தொழிலில் இருக்கும் உங்களுக்கு இந்நேரம் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்.

போணி

அப்பா பெம்பான் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டுகிறார். ஒருநாள் வேலை விட்டு வந்தவர், காசு எப்படி வருகிறது என்று கேட்டார். யாராவது தொட்டால் வரும் என்றேன். ‘ஆனால்’ என்று நான் தொடங்குவதற்குள் போனை எடுத்துச் செர்காமில் இருக்கும் தன் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

அத்தை உம்பாயில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறார். எங்கள் குடும்ப வாட்ஸாப் குழு அவர் கையில்தான் இருக்கிறது. எங்கள் ஆட்களில் யார் கடை திறந்தாலும், தேவையில்லாவிட்டாலும் போய் ஏதாவது வாங்கிவிட்டு வருவது வழக்கம். வாங்காமல் வந்தால் அது பெரிய குற்றம். நான் போனைப் பறித்து, “அத்தை, நீங்க தொடக் கூடாது” என்று கத்தினேன். அவர் சிரித்தார்.

“என்னடி இது, நம்ம புள்ள கடைக்கு நாமளே போணி பண்ணாம, வேற யாரு பண்ணுவா?”

முறை வேலை

ஒரு வாரத்தில் நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. ஒரே வட்டாரத்திலிருந்து, ஒரே ஆட்கள், திரும்பத் திரும்பத் தொடுகிறார்களாம். தொடர்ந்தால் கணக்கு மூடப்படும். குடும்பக் குழுவைத் திறந்து பார்த்தேன். அத்தை ஃபேக்டரி ஷிஃப்ட் மாதிரி முறை போட்டிருந்தார். காலையில் செர்காம் வீடு, மத்தியானம் பெம்பானில் எங்கள் வீடு, சாயங்காலம் ஜாசின் சித்தப்பா வீடு. யாரும் ஒருநாள்கூடத் தவறவில்லை.

குழுவில் நீளமாக எழுதினேன். ஒரே இடத்திலிருந்து வருவதை அவர்கள் கண்டுபிடிக்கிறார்கள், என் பிழைப்பே போய்விடும், நிறுத்திவிடுங்கள் என்று. எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் மூச்சு விட்டேன். அடுத்து சித்தப்பாவின் குரல் பதிவு வந்தது.

“கவலப்படாத கண்ணு, இனிமே வீட்டு வைஃபைல அமுக்கல, ரோட்டோர ஒட்டுக்கடை வைஃபைக்குப் போயி அமுக்குறோம்லா!”

தண்ணீர் வடிகட்டி

சும்மா தொட்டால்தானே தப்பு, வாங்கினால் தப்பில்லையே என்று அத்தை தனியாக யோசித்திருக்கிறார். விளம்பரத்தைத் தொட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டார். விற்பனைக்காரத் தம்பி ஒருவர் தண்ணீர் வடிகட்டியோடு செர்காம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தையின் அடுப்படியில் ஏற்கெனவே ஒரு வடிகட்டி இருக்கிறது.

என் பெயரைச் சொல்லி, “அந்தப் புள்ளைக்குச் சேர வேண்டியது சேர்ந்திருச்சா?” என்று அவரைக் கேட்டிருக்கிறார் அத்தை. அந்தத் தம்பி அத்தையிடம் என் நம்பரை வாங்கி எனக்கே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான்.

“அக்கா, நான் உங்க ஆளு இல்ல, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது, கொஞ்சம் இவங்ககிட்ட சொல்லிருங்க ப்ளீஸ்.”

மைக்

ஆடி வெள்ளி பூசை முடிந்து தோட்டத்துக் கோயிலில் அன்னதானம் நடந்தது. நான் சாம்பார் வாளியோடு பந்தியில் இருந்தேன். கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார். “நம்ம டிராக்டர்காரர் மக, படிச்ச புள்ள, கம்ப்யூட்டர்ல தொழில் பண்ணுது. எல்லாரும் போன எடுங்க. கூட்டா ஒரு தடவ அமுக்கி வாழ்த்திருவோம்!” பக்கத்தில் அப்பா பூரித்துப்போய் நின்றார். பந்தியில் இருந்தவர்கள் இடது கையால் போனை எடுப்பதைப் பார்த்தேன். வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடினேன்.

மைக்கில் என் மூச்சுதான் முதலில் கேட்டது. “யாரும் தொடாதீங்க!” என்றேன். பின்வரிசையில் ஓர் அம்மா, “ஏம்மா, எங்க கை பட்டா ஆகாதா?” என்று கேட்டார். அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சன்னிதியில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் காட்டினேன். “திருவிழாவுல இந்தப் பழத்த ஏலம் விடுறோம். வாங்குற எண்ணமே இல்லாத ஒருத்தர் விலைய மட்டும் ஏத்திவிட்டா, நாம என்ன செய்வோம்?” என்றேன். பந்தியிலிருந்து லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் சோற்றுக் கையைத் தூக்கினார்.

“முதுகுல நாலு போட்டு வெளிய அனுப்புவோம்லா!”

தொடாத கை

அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதினேன். தொட்டவர்கள் என் குடும்பத்தார், ஏமாற்றும் எண்ணமில்லை, ஆனால் நடந்தது உண்மை என்று. அதை அனுப்பியது கணக்குக்கு நானே பூட்டுப் போட்டது மாதிரி இருந்தது. பதில் வரும்வரை போன் அதிரும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசியில் வந்தது: அந்தக் கிளிக்குகளின் காசு பிடித்தம், கணக்கு கண்காணிப்பில் இருக்கும், மூடவில்லை. அப்பாவிடம் சொன்னேன். “அப்ப நாங்க ஒண்ணும் செய்யாம இருந்தா போதும்ல?” என்றார். அதற்குப் பிறகு அவர் என் திரையின் பக்கமே வரவில்லை.

போன வாரம் அத்தை பஸ் ஏறி வந்தார். கையில் அவருக்கு வந்த மருத்துவமனைக் கடிதம். அதை எப்படிப் படிப்பது என்று என் தளத்தில் ஒரு முழுப் பக்கமே இருக்கிறது. அத்தை மாதிரி ஆட்களை நினைத்துத்தான் எழுதினேன். “தளத்துலயே பார்த்திருக்கலாமே அத்தை?” என்றேன். அவர் போனைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டார்.

“வேணாண்டி, தெரியாம கை பட்டு உன் பொழப்பு போயிருச்சுன்னா? நீயே வாசிச்சுச் சொல்லு.”

ஊர் பேர் தெரியாதவர்கள் தொட்டு என் தொழில் நடக்கிறது, யாருக்காக எழுதினேனோ அவர்கள் மட்டும் பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்.