அழுத்தித் தைக்காத பெயர்

தையல்காரி இருபத்தாறு வருடம் மெஷின் மிதித்தவள். அந்த வாரம் மட்டும் ஊசி அவள் விரலை ஐந்து தடவை பதம் பார்த்துவிட்டது.

எதிர்த்தெரு ஓவியர் கண்காட்சிக்காக ஒரு நீள வெள்ளைத் துணி கொடுத்திருந்தார். கலவர வருடத்தில் வேனில் ஏற்றிச் செல்லப்பட்டு, திரும்பி வராத நாற்பத்தொரு பேரின் பெயர்களை வெள்ளை நூலாலேயே தைக்க வேண்டும். பின்னால் விளக்கு வைத்தால்தான் எழுத்து தெரியும். அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பட்டியலைப் படித்தாள். பதினேழாவது பெயர் அண்ணனுடையது.

அம்மாவுக்கு அவன் இன்னும் உயிரோடு இருப்பவன். "உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்கல்ல" என்று வாய் தவறிய சித்தப்பாவோடு பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அதனால் அம்மா வெளியே போன நேரம் பார்த்துத் தைத்தாள். பதினேழுக்கு இடம் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முடித்தாள். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால், பதறிப்போய் யாருடைய திரைச்சீலையையோ எடுத்து மேலே போர்த்துவாள்.

துணியைக் கொடுக்க ஒரு நாள்தான் பாக்கி. நூல் வாங்கித் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் துணியை விரித்து, ஒவ்வொரு பெயராக விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல எடம் விட்டிருக்கியே, அவனுக்கா?"

மகள் தலையசைத்தாள்.

"சாகாதவன் பேரை எதுக்குப் போடுறாங்க?"

"செத்தவங்கன்னு எழுதலம்மா. திரும்பி வராதவங்கன்னுதான் இருக்கு."

அம்மா அந்த வெற்றிடத்தை விரலால் தடவினாள். "அழுத்தித் தைக்காத. சும்மா இழையோட்டி விடு. வந்துட்டான்னா ஒரே இழுப்புல பிரிச்சிடலாம்" என்றாள்.

அண்ணன் பெயரை அப்படியே இழையோட்டி, மறுநாள் ஓவியரிடம் உண்மையைச் சொன்னாள். வேலை கெட்டது என்பார் என்று பயந்தாள். அவரோ மற்ற குடும்பங்களையும் போய்க் கேட்டார். ஒன்பது வீட்டார், தங்கள் பிள்ளையின் பெயரையும் பிரித்து இழையோட்டச் சொன்னார்கள்.

கண்காட்சி தொடங்கியும் அவளுக்கு நிம்மதியில்லை. தொடாதீர்கள் என்று எழுதியிருந்தும் கூட்டம் கையை நீட்டியது. யாராவது நூலை இழுத்துவிட்டால் அண்ணன் பெயர் பிரிந்துவிடும். தினமும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து துணிக்குப் பக்கத்தில் நின்றாள். "என்னக்கா, உங்களுக்கும் இங்க டியூட்டி போட்டுட்டாங்களா?" என்று காவலாளி சிரித்தார்.

நான்காம் நாள் அம்மாவும் வந்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, பதினேழாவது பெயரை மறைத்து நின்றுகொண்டாள். கதவடைக்கும்வரை நகரவில்லை.