டயர் சீனி முடி வளர்த்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டயர் சீனி என்றால் லாரி ஓட்டுகிற எவரும் கடைக்கு வழி காட்டுவார்கள். ஆறாம் வகுப்பைக்கூட முடிக்காமல் ரப்பர் தோட்டத்தில் கித்தாப் பால் வாளி தூக்கியவர், இன்றைக்குப் பெரிய சாலையோரம் சொந்தக் கடை போட்டு, சீன முதலாளிகளான தவுக்கேமார்களின் லாரிகளுக்கெல்லாம் டயர் மாற்றுகிறார். படித்தவன் எவனும் கை கொடுத்து அவரைத் தூக்கிவிடவில்லை. அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது. ஆனாலும் அவர் கையெழுத்துக்காக வங்கி மேனேஜரே கடைக்கு நடந்து வந்திருக்கிறார். இதை அவர் வாயாலேயே ஊரில் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்கும் சீக்கிரம் சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் அறுபதை நெருங்கும் வயதில் முடி வளர்த்தார்.

சின்ன வயதில் பேனுக்குப் பயந்து அப்பா ஒட்ட வெட்டிவிட்ட தலை அது. கடை போட்ட பிறகு, கிரீஸும் கரியும் அப்புகிறதே என்று அவரே ஒட்ட வெட்டிக்கொண்டார். தன் முடி சுருளுமா நீளுமா என்று அவருக்கே தெரியாது. கொரோனா அடைப்பில் முடிவெட்டும் கடைகள் மூடிக் கிடந்தபோதுதான் தெரிந்தது. கழுத்தைத் தொட்டது, காதை மூடியது, அலை அலையாக இறங்கியது. நரை கொஞ்சந்தான். கடைகள் திறந்த பிறகும் சீனி அந்தப் பக்கம் போகவில்லை. குளித்துவிட்டு வந்து, லாரியின் பக்கக் கண்ணாடியில் ஒரு பக்கமும் மறுபக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"என் சீப்பு எங்கங்க?" என்று மனைவி கலாதேவி காலையில் தேடுவாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"அதுல ஒங்க முடிதான் சிக்கியிருக்கு. கேக்குறேன்லா."

கடையில் தொப்பிக்குள் அமுக்கி வைத்துக்கொண்டார். காரணம் இருந்தது. பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். இரண்டு திருவிழாவுக்கு முன்னால் தேர்வடம் பிடிக்க வந்த பையன்களைப் பார்த்து, "பொம்பள மாதிரி முடி விட்டவன் எவனும் தேரத் தொடக்கூடாது" என்று மைக்கில் முழங்கியவர் அவர். கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டல்தான் இப்போது தொப்பியாக அவர் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

அடைப்பெல்லாம் முடிந்து ஈப்போவில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் தொப்பியோடு போக முடியுமா? பட்டுச் சட்டை போட்டு, முடியைப் பின்னால் முடிந்துகொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். எதிரே கலாதேவியின் தம்பி கனகராஜ். அவன் விடுவானா?

"மச்சான்! இந்த வருசம் தேர யாரு இழுக்குறது? மைக்குல என்னமோ சொன்னீங்களே?"

மேசை முழுக்கச் சிரிப்பு.

"டேய், சும்மா சாப்புடு."

"இல்ல மச்சான், வெளிய மல்லியப்பூ விக்கிறாங்க. ரெண்டு முழம் வாங்கியாரவா? கொண்டைக்கு நல்லா இருக்கும்லா."

சிரிப்பு அடுத்த மேசைக்கும் தாவியது. சீனிக்குக் காது சுட்டது. கை ஊன்றி மேலே வந்த மனிதர், கடையில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர், ஒரு பொடியன் பேச்சால் ஊர் சிரிக்க உட்கார்ந்திருக்கிறார்.

"வாய மூடுடா! இது சாமிக்கு வேண்டுன முடி."

சிரிப்பு சட்டென்று நின்றது. கனகராஜ் குரலை இறக்கி, "யாருக்கு மச்சான் வேண்டுனீங்க?" என்று கேட்டான்.

அதற்கு மேல் சீனி யோசித்திருக்கவில்லை. கண் எங்கோ ஓடி, இரண்டு மேசை தள்ளித் தலையில் துணி கட்டி உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை புஷ்பலதாவிடம் போய் நின்றது. புருஷன் இல்லாதவள், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. மார்பில் கட்டி வந்து வெட்டி எடுத்து, மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டியிருந்தது.

"தங்கச்சிக்கு," என்றார்.

பாயசம் வருவதற்குள் சேதி மண்டபம் முழுக்கச் சுற்றிவிட்டது. புஷ்பலதா எழுந்து வந்தாள். பக்கத்தில் நின்று, கேட்கவும் பயந்தவள்போலக் கேட்டாள்.

"எனக்காகவாண்ணே?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சீனி தலையை ஆட்டினார்.

"ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு நாளு வரலியேன்னு மனசுக்குள்ள ஒன்னத் திட்டிக்கிட்டே கெடந்தேன். தப்பா நெனச்சுட்டேண்ணே, மன்னிச்சுக்க." அவள் அவருடைய முடியை மெல்லத் தொட்டாள். "என் தலையில கொட்டுனதெல்லாம் ஒன் தலைக்கு வந்துருச்சு போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்பது நிஜம். முதலில், கொரோனா நேரத்தில் யாரையும் உள்ளே விட மாட்டார்கள் என்றார். கதவு திறந்த பிறகு, கடையில் ஆள் இல்லை என்றார். பழமும் மைலோ டின்னும் கொடுத்தனுப்பினார். அவளை ஏற்றிக்கொண்டு போக, டிரைவரோடு தன் வேனை அனுப்பினார். எந்த அண்ணன் இதைச் செய்வான் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தார். ஆஸ்பத்திரி வாடையும் அந்த மொட்டைத் தலைகளும் அவருக்குப் பயம். அதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த முடி அவருடையதாக இல்லை. லாரி டிரைவர்கள் "சாமி" என்று கூப்பிட்டார்கள். கனகராஜே ஒருநாள் கடைக்கு வந்து, தெரியாமல் பேசிவிட்டேன் என்று கும்பிட்டான். புஷ்பலதா செம்பருத்திப் பூவைப் போட்டு எண்ணெய் காய்ச்சிப் போத்தலில் கொடுத்தனுப்பினாள். தன் தலையில் தடவ முடி இல்லாதவள் காய்ச்சிய எண்ணெய். அதைத் தேய்க்கவும் அவருக்குக் கை வரவில்லை, கொட்டவும் வரவில்லை. பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அந்தப் பக்கம் டயர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவரைப் பார்த்தது.

வெட்டித் தொலைக்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. வேண்டிய முடியைப் பாதியில் வெட்டினால் நோய் திரும்பிவிடும் என்று புஷ்பலதா பயந்து சாவாள்.

"உண்மையச் சொல்லிருங்க," என்றாள் கலாதேவி.

"எப்புடிச் சொல்றது?"

"பொய் சொல்றதுக்கு மட்டும் யாருகிட்ட கேட்டீங்க?"

சில மாதம் கழித்து, நோய் இப்போது இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். புஷ்பலதா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள். "மாரியம்மா கண்ணத் தொறந்துட்டாண்ணே! ஆடி வெள்ளிக்கு முடி எறக்கிருவோம்." புது வேட்டி, மஞ்சள், தாம்பாளம், எல்லாம் தன் பொறுப்பு என்றாள்.

தோட்டத்து லய வீடுகளை இடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுப் பல வருஷம் ஆகிறது. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. அதன் தகரக் கூரை சீனி போட்டது. வாசலில் கல்லில் அவர் பேர் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பேரைத் தாண்டி உள்ளே போகும்போது அவர் நிமிரவில்லை.

பூசாரி தர்மா மணையைப் போட்டு உட்காரச் சொன்னான். புஷ்பலதா தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். துணி கட்டாத தலை. சின்னக் குழந்தைக்கு முளைப்பதுபோல் முடி முளைத்திருந்தது. தர்மா கத்தியை மஞ்சள் தண்ணீரில் முக்கினான்.

"வாய் விட்டுச் சொல்லுங்கண்ணே. யாருக்கு, என்னா வேண்டுனீங்க? அம்மா கேக்கட்டும். அப்பறந்தான் கத்தி வைப்பேன்."

அந்தக் கோயிலில் அதுதான் வழக்கம். எத்தனையோ பேர் அப்படிச் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்தான் அவர். தன் முறை வரும் என்பது எப்படியோ மறந்துபோயிருந்தது. வாயைத் திறந்தார். கல்யாண மண்டபத்தில் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை அம்மன் முன்னால் வரவில்லை.

"சொல்லுண்ணே," என்றாள் புஷ்பலதா.

"நான் வேண்டிக்கல, தர்மா."

"என்னாண்ணே?"

"யாருக்கும் வேண்டிக்கல. ஆசைக்கு வளத்தேன். கல்யாணத்துல சிரிச்சாங்க, மானம் போச்சு. அதுக்கு இவ பேரச் சொல்லிட்டேன்."

தாம்பாளம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. புஷ்பலதா வெளியே போய்விட்டாள்.

தர்மா கத்தியைத் துடைத்து உறையில் போட்டான்.

"எடுத்துருடா," என்றார் சீனி. "காணிக்கையா இருக்கட்டும்."

"வேண்டிக்காத முடி அம்மாவோடது இல்லண்ணே. ஒங்களோடது. எந்திரிங்க."

"இந்தக் கோயிலுக்குக் கூர போட்டவன்டா நானு!"

"அதுக்குத்தான் கல்லுல பேரு போட்டாச்சுலாண்ணே."

சீனி தலை நிறைய முடியோடு வெளியே வந்தார். புஷ்பலதா தன் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"புஷ்பா, சாமி மேல பொய் சொன்னது தப்புதான்..."

"சாமிக்கும் ஒனக்கும் உள்ளத நீங்களே பாத்துக்குங்க. வேண்டிக்கலன்னாலும் பரவால்லண்ணே. ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம்ல?"

"வேன் அனுப்புனேன்லாமா..."

"வேன் வந்துச்சு. நீ வரல."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு செம்பனை வரிசைக்கு நடுவே போய்விட்டாள்.

மறுநாள் காலை சீனி கடைத்தெருவில் முடிவெட்டும் கடைக்குப் போய் உட்கார்ந்தார். "மொட்டையாண்ணே? வேண்டுதலா?" என்று கேட்டான் கடைக்காரன். "இல்லடா, சும்மாதான்," என்றார். கீழே விழுந்த அலை அலையான முடியை மற்ற முடியோடு சேர்த்துக் கூட்டி ஓரமாகத் தள்ளினான். டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்த எண்ணெய்ப் போத்தல் அன்றைக்கு அவர் வீட்டுச் சாமி மாடத்துக்கு வந்தது.

அடுத்த பரிசோதனை எப்போது என்று கலாதேவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த நாள் காலையில் வேன் புஷ்பலதா வீட்டு வாசலில் நின்றது. அவள் கதவைத் திறந்தாள். டிரைவர் இடத்தில் உட்கார்ந்திருந்த மொட்டைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டிரைவர் எங்க?"

"நான்தான்."

அவள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள்; வேன் ஈப்போவுக்குப் போனது. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் நிறைந்திருந்தது. புஷ்பலதா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்ததில் தன் பையை வைத்தாள். சீனி சுவரோரம் நின்றார். அவர் பயந்த அதே வாடை, அதே மொட்டைத் தலைகள். இப்போது அவருடையதும் அதில் ஒன்று.

தலையில் துணி கட்டிய ஒரு அம்மா அவரைப் பார்த்து இரக்கத்தோடு நகர்ந்து இடம் விட்டாள். "ஒக்காருங்கண்ணே, நிக்காதீங்க. மருந்து ஏத்துனா கால் தாங்காது. ஒங்களுக்கு எதுல வந்துச்சு?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் கண்ணிலும் மரியாதை. புஷ்பலதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் காது கொடுத்துக் கேட்கிறாள் என்று சீனிக்குத் தெரிந்தது.

"எனக்கு ஒன்னும் இல்லமா," என்றார். "நோவு வந்தது என் தங்கச்சிக்கு. முன்ன நான் வந்ததில்ல. இன்னைக்குத்தான் வாரேன்."

புஷ்பலதா நிமிரவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.