மாப்பிள்ளைக்குக் குறுக்கே வந்த பாலம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகளுக்கு நோர்வேயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஃபெரியில் வேலை. மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கடலில் கார்களை ஏற்றி அக்கரையில் விடும் படகு அது. இவர் கையைக் காட்டிக் காட்டிக் கார்களை வரிசையாக நிறுத்துவார். இங்கே கனடாவில், அஜின்கோர்ட் மரக்கறிக் கடையில் கேட்டவர்களுக்கு, "மாப்பிள்ளை கப்பலில ஒபிசர்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

சாதகம் பொருந்தியது. படத்தைப் பார்த்த மகள், ஒருதரம் கதைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். முதலில் விசாரித்து முடியட்டும் என்றேன். விசாரிக்கும் பொறுப்பு ஒஸ்லோவில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்கு. ஒரு ஞாயிறு அவன் போன் எடுத்தான்.

"அத்தான், குடி இல்லை, சிகரெட் இல்லை. குடும்பமும் நல்லது. ஆனா ஒரு பிரச்சினை இருக்கு."

"முந்தியே கலியாணம் கட்டினவனோ?"

"இல்லை அத்தான். பாலம் கட்டுறாங்கள்."

ஃபெரி ஓடுகிற அதே இடத்தில். இரண்டு உயரமான தூண்கள், அவற்றிலிருந்து சரிவாக இழுத்துக் கட்டிய கம்பி வடங்கள், அந்த வடங்கள் தாங்கும் வீதி. பாலம் திறக்கிற அன்றைக்கு ஃபெரி நின்றுவிடும்.

கனடாவுக்கு வந்த ஏழு வருடத்தில் மூன்று வேலை போனவன் நான். கடைசி வேலை மிசிசாகாவில். ஒரு திங்கட்கிழமை காலை போனால் தொழிற்சாலைக் கதவில் பூட்டு. வேலை போகப்போகிற ஒருவனுக்கு மகளைக் கொடுக்க எப்படி மனம் வரும்?

அதன்பிறகு ஞாயிறுதோறும் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பாலத்தை விசாரித்தேன். இரு கரையிலிருந்தும் வீதி வளர்ந்து வந்து நடுவில் பொருந்துமாம்.

"இன்னும் எவ்வளவு இடைவெளி?"

"ஒரு கிரிக்கெட் கிரவுண்ட் அளவு, அத்தான்."

"அங்க பனி கொட்டேல்லையோ? ஸ்ட்ரைக் ஒண்டும் வராதோ?"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் மாப்பிள்ளை பாக்கிறியளோ, பாலம் பாக்கிறியளோ?"

இடைவெளி ஒரு பஸ் நீளத்துக்குச் சுருங்கியபோது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பெற்றோர் வழியாகச் சொல்வதுதான் முறை. பதற்றத்தில் மாப்பிள்ளைக்கே போன் எடுத்துவிட்டேன்.

"தம்பி, உங்கட பாலம்..." என்று தொடங்கினேன்.

"ஓம் அங்கிள்! நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறன்."

"வேலை போகப்போகுதே!"

"போகட்டும் அங்கிள். எனக்குக் கடல் ஒத்துவராது. நாலு வருசமா வயித்தைப் பிரட்டி ஒரே சத்தி. ஒருக்கா ஒருத்தற்ற புதுக் காருக்கு மேலயே எடுத்துப்போட்டன்."

"பிறகேன் வேலையை விடேல்லை?"

"விட்டா ஒருத்தரும் பொம்பிளை தராயினம் எண்டு அம்மா சொன்னவ."

போனுக்குள் யாரோ சிரித்தார்கள். மேல்மாடி அறையில் இருந்த மற்றப் போனை மகள் எடுத்து வைத்திருக்கிறாள்!

"கை காட்டேக்க சத்தி வந்தா என்ன செய்வீங்கள்?" என்று அவரைக் கேட்டாள்.

"இடக் கையால வாயைப் பொத்துவன்."

"அப்ப கார்காரர்?"

"எல்லாரும் இடப்பக்கம் திருப்பீடுவினம்."

"ஓ மை கோட்!" மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு, "அப்பா, ப்ளீஸ், போனை வையுங்கோ" என்றாள்.

சொல்ல வந்த 'வேண்டாம்' வாய்க்குள்ளேயே நிற்க, வைத்தேன். குசினி வாசலில் மனைவி நின்றாள்.

"சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை. கதைக்கினம்."

"அவருக்கு வேலை?"

"போகுதாம். நல்ல சந்தோசமா இருக்கிறார்."

மேலே மகள் மறுபடி சிரித்தாள். மனைவி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"அப்ப மண்டபத்துக்குச் சொல்லுங்கோ," என்றாள்.