பட்டறை ஒயரும் பூசைச் சட்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம். சாமியார் வழக்கமான அறிவிப்புகளை வாசித்தார். கல்யாண ஓலை ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று... பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

"ஆரோக்கியம் பட்டறையைச் சேர்ந்த ஒயர்கள் சில, திருவிழா சமயத்தில் நம் பங்கு மக்களின் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. அவற்றைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

எனக்கு முன்னால் இருந்தவர்கள் குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் மொடமொடவென்று தேய்த்த சட்டைகள்.

விஷயம் இதுதான்.

ராயபுரத்தில் நாங்கள் குடியிருப்பது ஆரோக்கியம் அண்ணன் வீட்டு மாடியில். கீழே அவருடைய பட்டறை. விசைப்படகு இன்ஜின்களுக்கு வேண்டியதைத் துளைத்து, தேய்த்து, ஒட்டித் தருவார்கள். டிரில், கிரைண்டர், உலைக்குக் காற்று அடிக்கும் புளோயர் என்று ஒவ்வொரு மெஷினுக்கும் வால்போல ஒரு ஒயர். ஒன்றில் இரண்டு முளை பிளக், இன்னொன்றில் மூன்று முளை. பாதிக்கு பிளக்கே கிடையாது. ஒயர் நுனியைச் சீவி, சுவரில் இருக்கும் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியைச் செருகிவிட வேண்டியது. இதைப் பார்க்காதவர் நம் ஊரில் உண்டா?

குச்சி செருகுவதில் ஏழுமலை கில்லாடி. பட்டறையின் மூத்த மெக்கானிக். பிளக் வாங்கித் தருகிறேன் என்று ஆரோக்கியம் சொன்னால், "அது இன்னாத்துக்கு மேஸ்திரி? குச்சி கீது, கரண்டு வருது, மெஷினு சுத்துது" என்பார்.

ஒரு நாள் குச்சி நழுவியது. ஒயரை மறுபடி செருகப்போன ஏழுமலையைக் கரண்ட் தூக்கி அடித்தது. இரும்புக் குப்பைமேல் போய் விழுந்தார். சத்தம் கேட்டு நான் மாடியிலிருந்து ஓடிவந்தபோது பேச்சு மூச்சு இல்லை. ஆரோக்கியம் அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு, "ஏய் ஏழுமல, கண்ணத் தொறடா... தொறடா" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக ஏழுமலை கண்ணைத் திறந்தார். கேட்ட முதல் கேள்வி: "மெஷினு நல்லா கீதா?"

ஆரோக்கியத்தின் மனைவி பிலோமினா அக்கா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அல்லா ஒயரையும் மாத்து. இல்லாங்காட்டி பட்டறையப் பூட்டு. ஏழுமல பொஞ்சாதிக்கு யாரு பதில் சொல்றது, நீயா நானா?"

எப்படி மாற்றுவது என்பதையும் அவரே சொன்னார். வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறை மேஜைமேல் வைத்தார். "இத்தப் பாரு. பொட்டி தனி, ஒயரு தனி. அல்லா மெஷினுக்கும் இதே மாரி வெச்சுடு. எந்த ஒயர வேணா எதுல வேணா சொருவிக்கோ."

அப்படியே செய்தார்கள். இஸ்திரிப் பெட்டியின் முதுகில் இரண்டு முளை துருத்திக்கொண்டிருக்குமே, அது டிரில்லிலும் வந்தது, கிரைண்டரிலும் வந்தது. ஒரே மாதிரி ஒயர்கள் சுவர் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. ஏழுமலை போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுச் செருகிக் காட்டினார். தீக்குச்சி என்றாலே எரிந்து விழுந்தார். பீடி பற்றவைக்கக்கூட அவர் எதிரில் யாரும் தீப்பெட்டியை எடுக்க முடியவில்லை.

எல்லாம் சரி. இஸ்திரிப் பெட்டி ஒயர் மெஷினுக்குப் பொருந்தும் என்றால், மெஷின் ஒயர் இஸ்திரிப் பெட்டிக்கும் பொருந்தும் அல்லவா? இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. தெரு யோசித்தது.

எங்கள் தெருவில் பல வீடுகளில் இஸ்திரிப் பெட்டி உண்டு. நல்ல ஒயர்தான் கிடையாது. எல்லாம் கழுத்துப் பிய்ந்து, துணி சுற்றிக் கிடக்கும். மாதா திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை எதிர்வீட்டுப் பெண் வந்தாள். "யக்கா, ஒரு ஒயரு குடேன். ரெண்டு சட்ட தேச்சிட்டு தந்துர்றேன்."

அக்கா கொடுத்தார். அதைப் பார்த்து அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. கடைசியில் அக்காவின் சொந்த ஒயரும் போயிற்று. ஏழுமலை தன் பங்குக்கு ஒன்றைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்தார்.

திங்கட்கிழமை காலை சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

அன்றைக்குப் பார்த்துக் காசிமேட்டிலிருந்து காத்தவராயன் வந்து நின்றார். விசைப்படகுக்காரர். இன்ஜினைத் தாங்கும் இரும்புத் தகடு உடைந்துவிட்டது. புதுத் தகட்டில் துளை போட்டுக் கொடுத்தால் அன்றே கடலுக்குப் போகலாம்.

"மெஷினு கீது, கரண்டு கீது. ஒயருதான் இல்ல," என்றார் ஆரோக்கியம்.

"எங்க போச்சு?"

"துணி தேய்க்கப் போய்க்கீது."

காத்தவராயன் தகட்டை மேஜைமேல் வைத்தார். "நைனா, படகுல ஐஸு ரொப்பிட்டேன். ஆளுங்க சோத்து மூட்டையோட குந்திகினு கீறாங்க. ஒயரு துணி தேய்க்கப் போய்க்கீதுன்னு அவங்களாண்ட நான் போய் சொல்லவா?"

தெருவில் விசாரித்தால், எதிர்வீட்டுக்குப் போன ஒயர் அந்தப் பெண்ணின் அண்ணி வழியாகப் புளியந்தோப்புக்கே போய்விட்டது. ஏழுமலையும் வெறுங்கையோடு வந்தார். "மாமனாரு எத்துகினு பூட்டாரு மேஸ்திரி. நான் இன்னா பண்றது?"

பிலோமினா அக்கா மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

மாடியில் என் மனைவி அப்போதுதான் என் ஆபீஸ் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை முடிந்து இன்னொரு கை ஆரம்பிக்கவில்லை. அக்கா மேலே வந்தார். "கண்ணு, கோச்சுக்காத" என்றபடி பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கீழே டிரில் சுற்றுகிற சத்தம் கேட்டது. காத்தவராயன் தகட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். படகு அன்றே கடலுக்குப் போயிற்று. நான் ஒரு கை மட்டும் தேய்த்த சட்டையோடு ஆபீஸ் போனேன்.

எங்கள் ஒயர் சாயங்காலமே மேலே வந்துவிட்டது. பட்டறை ஒயர்களில் ஒன்றிரண்டு மட்டும் அன்றைக்குத் திரும்பின, மற்றவை வரவில்லை. அதனால்தான் அக்கா சாமியாரிடம் போனார். அதனால்தான் அந்த அறிவிப்பு.

அதற்குப் பலன் இருந்ததா? இருந்தது. முதலில் வந்தவர், பூசைக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் கோயில்பிள்ளை. சாமியாருடைய அங்கியைத் தேய்க்க வாங்கிப்போன ஒயராம். பிறகு தெருவே வந்தது. போனதைவிட வந்தது அதிகம். பட்டறை ஒயர் எது, தங்கள் ஒயர் எது என்று பலருக்குத் தெரியவில்லை. இருந்ததைக் கொடுத்துவிட்டார்கள். சிலர் நல்லதை வைத்துக்கொண்டு கழுத்துப் பிய்ந்ததைக் கொடுத்ததும் உண்டு. ஏழுமலை முணுமுணுத்துக்கொண்டே பிய்ந்த கழுத்துகளை வெட்டிச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

அந்தக் குவியலில் எங்கள் ஒயரும் இருக்கிறது. என் மனைவிக்குச் சந்தேகம். திங்கட்கிழமை கீழே போனது எங்களுடையது, ஆனால் திரும்பி வந்தது பட்டறையுடையதாக இருந்துவிட்டால்? பூசையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

"நெறைய கீது கண்ணு, எதுனா ஒண்ணு எத்துக்கோ," என்று அக்கா சொல்லிப் பார்த்தார். "அடுத்தவங்க பொருளை எப்படிக்கா எடுக்கிறது?" என்று இவள் மாடி ஏறிவிட்டாள்.

நேர்மையான பெண்ணைக் கட்டிக்கொண்டவன், தேய்த்த சட்டைக்கு ஆசைப்படக் கூடாது.